அம்மாவின் கண் படத்துக்கு "இடது கண் தெளிவில்லை" என்று சீட்டு வந்திருக்கிறது. கூட்டிக்கொண்டு போக வேண்டுமா?

ஏரியூர்க்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே சர்க்கரை நோய் பற்றி விவரம் தெரிந்தவர்கள் இருப்பதால் கேட்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் பென்னாகரம் தாண்டி ஏரியூர் பக்கம். அம்மாவுக்கு 58 வயது. சர்க்கரை வந்து 11 வருடம் ஆகிறது. மாத்திரையை மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் வரும் அக்கா வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார், அம்மாவும் ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறார். நான் ஓசூரில் ஷிப்ட் வேலையில் இருக்கிறேன். வாரம் ஒருமுறை ஊருக்கு வந்தால் அதிகம்.

போன மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண் முகாம் நடந்தது. சர்க்கரைக்காரர்களை மட்டும் தனியாக உட்காரவைத்து, தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, கேமராவில் கண்ணைப் படம் எடுத்திருக்கிறார்கள். கண் டாக்டர் யாரும் வரவில்லையாம். படத்தை இணையத்தில் அனுப்பினால் வெளியூரில் இருக்கும் டாக்டர் பார்த்துச் சொல்வார் என்றார்களாம். அப்புறம் சீட்டு வந்தது. அதில் இருப்பதை அப்படியே தருகிறேன்:

வலது கண்: மிதமான பாதிப்பு. மாகுலா அருகில் மஞ்சள் படிவு. விழித்திரை மருத்துவரைப் பார்க்கவும்.
இடது கண்: படம் தெளிவில்லை.

அம்மா அசைய மாட்டேன் என்கிறார். அவர் புளி தட்டும் கொட்டகையில் வேலை செய்கிறார். "புளியில ஒரு நாரு விடாம எடுக்கறேன். ஊசியில நூல் கோக்கறேன். எனக்கு எங்க கண்ணு கெட்டுப்போச்சு?" என்று கேட்கிறார். அவர் சொல்வதும் உண்மைதான், எதிரே வரும் பஸ்ஸின் பலகையை எனக்கு முன்னால் படித்துவிடுவார். சொந்தக்காரர் ஒருவர் வேறு, "இப்படி சீட்டுக் கொடுத்து ஆஸ்பத்திரிக்கு ஆள் பிடிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து அம்மா அந்தச் சீட்டைப் பார்க்கக்கூட மறுக்கிறார்.

என் கேள்வி மூன்று. நேரில் பார்க்காமல் படத்தை வைத்துச் சொன்னதை நம்பலாமா? தெளிவில்லை என்றால் அந்தக் கண் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? இது அவசரமா, அல்லது புளி சீசன் முடிந்து போனால் போதுமா?


காவேரிப்பட்டணம் ராசி:

எங்க அப்பாவுக்கும் இதே மாதிரி ஒரு சீட்டு கொடுத்தார்கள். நாங்கள் போகவில்லை. நல்லாத்தான் இருக்கிறார், பேப்பர் படிக்கிறார், டிவி பார்க்கிறார். சாப்பாட்டில் அரிசியைக் குறைத்து ராகிக் களி போடுங்கள், தினமும் நடக்கச் சொல்லுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் கண் தன்னால் சரியாகிவிடும். வீணாகப் பயப்பட வேண்டாம்.


அரூர் கண் பரிசோதகர்:

தம்பி, நான் இந்த வேலையில் இருப்பவள். கண் பரிசோதகர் படிப்பு முடித்து, முகாம்களில் அந்தக் கேமராவின் பின்னால் உட்காருவதுதான் என் பிழைப்பு. அரூர், மொரப்பூர், தீர்த்தமலை, சித்தேரி மலை என்று சுற்றுகிறேன். உங்கள் அம்மா சொன்னதை வேறு வேறு வாயிலிருந்து முகாமுக்கு முகாம் கேட்கிறேன், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இடது கண். "தெளிவில்லை" என்றால் "நன்றாக இருக்கிறது" என்று பொருள் இல்லை. அந்தக் கண்ணை யாரும் இன்னும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஒழுங்காக நடக்கும் எந்தத் திட்டத்திலும் தெளிவில்லாத படத்தைப் பாதிப்பு உள்ள படத்தோடு சேர்த்து, நேரில் அனுப்ப வேண்டிய பட்டியலில்தான் வைப்பார்கள். அதை விட்டுவிட்டு வலது கண்ணை மட்டும் பேசிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஏன் தெளிவில்லாமல் போகிறது என்று சொல்கிறேன். நாங்கள் பெரும்பாலும் வலது கண்ணை முதலில் எடுப்போம். அறையை இருட்டாக்கி, ஜன்னலுக்குக் கருப்புத் துணி கட்டி, ஆளைக் கொஞ்ச நேரம் சும்மா உட்காரவைத்தால் கண்ணின் பாப்பா தானாக விரியும். உள்ளே தெரியும் சின்னப் பச்சை வெளிச்சத்தைப் பார்க்கச் சொல்வோம். பிளாஷ் அடித்ததும் படம் விழும். ஆனால் ஒரு கண்ணில் பிளாஷ் அடித்தால் இரண்டு கண்ணின் பாப்பாவும் சேர்ந்து சுருங்கும். மறுபடி விரிய சில நிமிடம் கொடுக்க வேண்டும். வெளியே வரிசை நீண்டு, "எவ்வளவு நேரம்மா?" என்று சத்தம் வரும்போது அந்தச் சில நிமிடத்தைக் கொடுக்காமல் அடுத்த கண்ணை எடுத்தால் படம் ஓரமெல்லாம் கருப்படித்து வரும். இடது கண் படங்கள் அதிகம் கெடுவதற்கு இது ஒரு பெரிய காரணம். வயதாக ஆக பாப்பா சின்னதாகும், சர்க்கரை பல வருடம் இருந்தால் இன்னும் சரியாக விரியாது. இது போதாதென்று கண்புரை இருந்தால் புகைமூட்டமாகத்தான் விழும். உங்கள் அம்மாவுக்கு இதில் எது என்று சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

இப்போது வலது கண். விழித்திரை என்பது கண்ணுக்குள் பின்பக்கம் இருக்கும் திரை. அதன் நல்ல படம் ஆரஞ்சுச் சிவப்பாக இருக்கும். ஒரு பக்கம் நரம்பு வெளியேறும் இடம் மஞ்சள் வட்டமாகத் தெரியும், அதிலிருந்து ரத்தக்குழாய்கள் மேலும் கீழும் கிளை பிரிந்து போகும். நடுவில் கொஞ்சம் கருத்த இடம் மாகுலா. நாம் படிப்பது, நூல் கோப்பது, முகம் பார்த்து அடையாளம் சொல்வது எல்லாம் அந்த இடத்தால்தான். சர்க்கரையால் மெல்லிய குழாய்களின் சுவர் பலவீனமாகி அங்கங்கே சிவப்புப் புள்ளியாகப் புடைக்கும். பிறகு கசியும். ரத்தம் கசிந்தால் சிவப்புத் திட்டு, கொழுப்பு தங்கினால் மஞ்சள் படிவு. உங்கள் சீட்டில் "மாகுலா அருகில் மஞ்சள் படிவு" என்று எழுதியிருக்கிறார்களே, அதைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன். அங்கே கசிவு இருந்திருக்கிறது என்று அர்த்தம். வீக்கம் இருக்கிறதா என்பதைப் படம் சொல்லாது. மேட்டில் நின்று பார்த்தால் ஏரியின் பரப்பு தெரியும், ஆழம் தெரியாது, அந்த மாதிரி. அதற்கு ஓசிடி என்ற ஸ்கேன் எடுக்க வேண்டும். வலி எதுவும் கிடையாது, கண்ணைத் தொடவே மாட்டார்கள், சில நிமிட வேலை.

அம்மாவுக்குப் பார்வை நன்றாகத் தெரிவதை நான் முழுக்க நம்புகிறேன். பார்வைப் பலகையில் கடைசி வரி வரை படித்தவர்களின் படத்தில் ரத்தக் கசிவைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மாகுலாவைத் தொடாத வரை கசிவு எங்கே இருந்தாலும் ஆளுக்குத் தெரியாது, வலியும் இருக்காது. இரண்டு கண்ணையும் திறந்து பார்க்கும்போது நல்ல கண் மற்றதின் குறையை மூடிவிடும். வீட்டில் ஒன்று செய்யுங்கள். அம்மாவை வெளிச்சத்தில் உட்காரவைத்து, உள்ளங்கையால் ஒரு கண்ணை முழுதாக மூடி, சுவரில் இருக்கும் தினசரி காலண்டரின் சின்ன எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள். அப்புறம் மறு கண். ஜன்னல் கம்பி நேராகத் தெரிகிறதா, நடுவில் வளைகிறதா என்று ஒவ்வொரு கண்ணாகக் கேளுங்கள். வித்தியாசம் இருந்தால் அவருக்கே புரிந்துவிடும். வித்தியாசம் இல்லையென்றாலும் போகத்தான் வேண்டும், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

படத்தை நம்பலாமா என்று கேட்டீர்கள். டாக்டர் ஓர் ஊரில், நோயாளி ஓர் ஊரில் என்பது நேற்று வந்த யோசனை இல்லை. சென்னை சங்கர நேத்ராலயா 2003லேயே பஸ்ஸில் கருவிகளை ஏற்றி, செயற்கைக்கோள் வழியாகக் கிராமத்துக் கண்களைப் பார்க்கத் தொடங்கியது. அரவிந்த் கண் மருத்துவமனை 2004ல் தன் முதல் பார்வை மையத்தைத் திறந்தது. அங்கே பயிற்சி பெற்ற பெண்கள் பரிசோதிப்பார்கள், டாக்டர் கணினித் திரையில் பேசுவார். இங்கிலாந்தில் 2003ல் தொடங்கி, படிப்படியாக நாடு முழுக்கச் சர்க்கரைக்காரர்களைக் கூப்பிட்டுப் படம் எடுக்கிறார்கள். அங்கே வேலை செய்யும் வயதினருக்குப் பார்வை போவதற்குப் பல பத்தாண்டுகளாக முதல் காரணமாக இருந்தது இந்த விழித்திரை நோய். 2009, 2010 கணக்கில் அது முதல் இடத்திலிருந்து இறங்கிவிட்டது. மருந்தும் சிகிச்சையும் மேம்பட்டது ஒரு காரணம், நேரத்தோடு கண்டுபிடித்தது இன்னொரு காரணம்.

அந்தப் படத்தில் தெரியாததும் உண்டு. சாதாரணக் கேமரா விழித்திரையின் நடுப்பகுதியைத்தான் எடுக்கிறது, ஓரம் விழாது. கண்ணின் நீர் அழுத்தத்தை அது அளப்பதில்லை. அதனால் "பாதிப்பு இல்லை" என்று சீட்டு வாங்கியவர்களும் அதை ஆயுசுக்கும் கிடைத்த சான்றிதழாக வைத்துக்கொள்ளக் கூடாது. அடுத்த வருடம் மறுபடி எடுக்க வேண்டும்.

ராசி சொன்னதற்கும் ஒரு பதில். களியும் நடையும் நல்லதுதான், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் குறைந்தால் பாதிப்பு முற்றுவது நிச்சயம் மெதுவாகும். ஆனால் மாகுலாவில் வந்துவிட்ட வீக்கத்துக்குச் சாப்பாடு மட்டும் சிகிச்சை ஆகாது. 2022ல் வெளியான நாடு தழுவிய ஆய்வு ஒன்றில், 40 வயது தாண்டிய சர்க்கரைக்காரர்களில் எட்டில் ஒருவருக்கு விழித்திரை பாதிப்பு இருந்தது. 100 பேரில் 4 பேருக்குப் பார்வையே போகக்கூடிய கட்டம். உங்கள் அப்பா பேப்பர் படிப்பது சந்தோஷம். அந்தச் சீட்டு இன்னும் வீட்டில் இருந்தால் தயவுசெய்து எடுத்துப் பாருங்கள், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இங்கே போடுங்கள்.

தம்பி, என் மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். கேமரா வந்துவிட்டது, இணையம் வந்துவிட்டது, படம் பார்க்க ஆளும் இருக்கிறார்கள். சீட்டைக் கொடுத்த பிறகுதான் எல்லாம் நின்றுபோகிறது. அடுத்த வருடம் அதே ஊருக்குப் போனால் அதே அம்மா, மஞ்சப்பைக்குள் ரேஷன் கார்டுக்கு நடுவே நான்காக மடித்து வைத்த போன வருடச் சீட்டை எடுத்து நீட்டுவார். "கூட்டிப்போக ஆளில்ல கண்ணு" என்பார். சித்தேரியிலிருந்து இறங்கி வந்து பஸ் மாறி டவுனுக்குப் போவதென்றால் ஒரு நாள் கூலி போச்சு, கூட வருபவருக்கும் கூலி போச்சு. மாங்காய் சீசனில் கேட்கவே வேண்டாம். ஓர் இடத்தில் படம் எடுத்ததோடு சரி, முடிவு அந்த மக்களுக்குத் திரும்பி வரவே இல்லை. கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனேன், இன்று வரை அந்த முகங்கள் ஞாபகம் இருக்கின்றன.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். மாத்திரை வாசலுக்கு வருவதால் எத்தனையோ பேர் விடாமல் போட்டுக்கொள்கிறார்கள், அதை நான் கண்ணால் பார்க்கிறேன். ஆனால் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் அப்படியே கண்ணையும் பாதத்தையும் காட்டிவிட்டு வர ஒரு வாய்ப்பு இருந்தது. வீட்டிலேயே வாங்குகிறவரை யாராவது நினைவுபடுத்தித்தான் அனுப்ப வேண்டும். உங்கள் வீட்டில் அது நீங்கள்தான். சீசன் முடியட்டும் என்று வைக்காதீர்கள். இரண்டு மூன்று வாரத்துக்குள் விழித்திரை பார்க்கும் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.


ஓசூர் நிரலாளர்:

மேலே அக்கா எழுதியதோடு ஒரு விவரம் சேர்க்கிறேன். இப்போது சில முகாம்களில் படத்தை டாக்டருக்கு முன்னால் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்தான் பார்க்கிறது. என் துறை அது என்பதால் அதன் பலமும் குறையும் கொஞ்சம் தெரியும்.

கூகுள் ஆய்வாளர்கள் 2016ல் வெளியிட்ட கட்டுரை இதில் முக்கியமானது. 1,28,175 விழித்திரைப் படங்களை 54 கண் மருத்துவர்கள் தரம் பிரித்துக் கொடுத்து, அதை வைத்துக் கணினியைப் பழக்கினார்கள். அந்தப் படங்களில் ஒரு பகுதி அரவிந்த், சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயண நேத்ராலயா ஆகிய இடங்களிலிருந்து போனது. ஆய்வகத்தில் அது மருத்துவர்களுக்கு இணையாகத் தரம் பிரித்தது. பிறகு கூகுள்காரர்கள் தாய்லாந்தில் சாதாரணக் கிளினிக்குகளில் வைத்துப் பார்த்தபோது ஐந்தில் ஒரு படத்துக்கு மேல் "தரம் போதாது" என்று மென்பொருள் திருப்பி அனுப்பிவிட்டது. அறை இருட்டாக இல்லை, இணையம் மெதுவாக இருந்தது, செவிலியர்களுக்கு நேரம் இல்லை. அக்கா சொன்ன கருப்புத் துணி விஷயம் அங்கேயும் அப்படியே நடந்திருக்கிறது.

என் கருத்து, மென்பொருள் பார்ப்பதில் பெரிய லாபம் வேகம். ஆள் நாற்காலியை விட்டு எழுவதற்குள் முடிவு சொல்லிவிட்டால், அங்கேயே கூட வந்தவரிடம் பேசி அனுப்பலாம். சீட்டு பின்னால் வரும்போதுதான் பாதிப் பேர் கை நழுவிப் போகிறார்கள் என்று நினைக்கிறேன். இறுதி முடிவை நேரில் டாக்டர் எடுப்பதில் மாற்றுக் கருத்து இல்லை.


பர்கூர் ஜவுளி:

நான் எழுதுவதை உங்கள் அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள் தம்பி.

எனக்குப் பர்கூரில் துணிக் கடை. தூரத்தில் வரும்போதே இது எந்த ஊர்ச் சேலை என்று சொல்லிவிடுவேன், அவ்வளவு பார்வை. சர்க்கரை இருந்தது, கண்ணைக் காட்டியதே இல்லை. ஒரு நாள் காலையில் ஷட்டரைத் தூக்கும்போது வலது கண்ணுக்கு முன்னால் கருப்பாக நூல் நூலாக ஏதோ மிதந்தது. கண்ணைக் கழுவினேன், போகவில்லை. மதியத்துக்குள் அந்தக் கண்ணில் பழுப்புத் திரை விழுந்துவிட்டது. கண்ணுக்குள் ரத்தம் கொட்டிவிட்டது என்றார் டாக்டர். விழித்திரையில் ரத்த ஓட்டம் குறைந்த இடத்தில் புதிதாகக் குழாய்கள் முளைக்குமாம், அவை மெல்லியவை, சட்டென்று உடையுமாம். அது முளைத்துக்கொண்டிருந்த காலம் முழுக்க எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

அறுவை சிகிச்சை செய்து ரத்தத்தை எடுத்தார்கள். வலது கண்ணில் இப்போது ஆள் உருவம் தெரியும், எழுத்து தெரியாது. இடது கண்ணிலும் அதே பாதிப்பு வளர்ந்துகொண்டிருந்தது, ரத்தம் கொட்டுவதற்குள் லேசர் போட்டுவிட்டார்கள். லேசர் போடும்போது பளிச் பளிச்சென்று வெளிச்சம் அடிக்கும், சில இடத்தில் சுருக்கென்று வலிக்கும், தாங்கக்கூடியதுதான். அதற்குப் பிறகு ராத்திரியில் பார்வை கொஞ்சம் மங்கல், பக்கவாட்டிலும் குறைவு. லேசர் போன பார்வையைக் கொண்டுவராது, இருப்பதைக் காப்பாற்றும் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லித்தான் போட்டார். அந்த இடது கண்ணால்தான் இதை எழுதுகிறேன், கடையும் அதனால்தான் நடக்கிறது.

அம்மாவிடம் சொல்லுங்கள், எனக்கு இப்படி ஒரு சீட்டைக் கொடுக்கக்கூட யாரும் இருக்கவில்லை.


ஏரியூர்க்காரன்:

எல்லோருக்கும் நன்றி. ஜவுளி அண்ணன் எழுதியதைப் போனில் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் "எந்தக் கிழமை வர்ற?" என்று கேட்டார்.

காலண்டர் சோதனையைத் தங்கை செய்து பார்த்தாள். இடது கண்ணில் சின்ன எழுத்து மங்கல் என்கிறார். வலது கண்ணில் எழுத்து தெரிகிறது, ஆனால் ஜன்னல் கம்பி ஒரு இடத்தில் லேசாக நெளிகிறதாம்.

அக்கா, இன்னும் சில சந்தேகம். வெறும் வயிற்றில் போக வேண்டுமா? என் பைக்கில் கூட்டிப்போனால் பரவாயில்லையா? செலவு எப்படி? கண்ணுக்குள் ஊசி போடுவார்கள் என்று யாரோ சொல்லி அம்மா பயந்து கிடக்கிறார். இன்னொன்று, இதைக் கேட்டதிலிருந்து அம்மா பாதிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார், சர்க்கரையை ஒரே வாரத்தில் இறக்கிவிடுவேன் என்கிறார்.


அரூர் கண் பரிசோதகர்:

கம்பி நெளிகிறது என்றால் நான் முன்னே சொன்ன இரண்டு மூன்று வாரத்தையும் மறந்துவிடுங்கள். இந்த வாரமே போங்கள்.

வெறும் வயிற்றில் வேண்டவே வேண்டாம். வழக்கம்போலச் சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு வரட்டும். கண் ஆஸ்பத்திரி என்றதும் சாப்பிடாமல் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வந்து, வரிசையில் மயங்கி விழுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. பையில் ரெண்டு பிஸ்கட், தண்ணீர், மதியச் சாப்பாடு இருக்கட்டும், நேரம் ஆகும்.

பைக்கில் அம்மா பின்னால் உட்கார்ந்து வரலாம், வெயில்தான் பிரச்சினை. சொட்டு மருந்து விட்டால் பாப்பா விரிய அரை மணி நேரம் போல ஆகும், சிலருக்கு இரண்டாவது தடவையும் விடுவார்கள். அதற்குப் பிறகு நாலைந்து மணி நேரம் கிட்டத்துப் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். குடை அல்லது கருப்புக் கண்ணாடி எடுத்துக்கொள்ளுங்கள். பஸ் என்றால் ஏறி இறங்கும்போது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், படி சரியாகத் தெரியாது. அன்று சாயங்காலம் அவரை அடுப்பிலோ அரிவாள்மணையிலோ விடாதீர்கள். கண்ணில் முன்பு ஏதாவது அறுவை சிகிச்சை நடந்திருந்தாலோ, நீர் அழுத்தம் என்று யாராவது சொல்லியிருந்தாலோ சொட்டு விடுவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது, உங்களுக்கு அதுதான் கிட்ட. விழித்திரை டாக்டர் எந்தக் கிழமை பார்ப்பார், ஓசிடி அங்கேயே எடுப்பார்களா என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போனால் ஒரு நாள் கூலி மிச்சம். சேலம் போக முடிந்தால் அரவிந்த் இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ஆதார், அந்த முகாம் சீட்டு, சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை, கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். எந்தச் சிகிச்சைக்குக் காப்பீடு பொருந்தும் என்று அங்கே காப்பீட்டுக்கென்று இருக்கும் கவுன்ட்டரில் பார்த்துச் சொல்வார்கள். ஊசி மருந்திலும் விலை குறைந்தது, கூடியது என்று வகை உண்டு, டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஊசி பற்றி அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள், மறைத்துக் கூட்டிப்போனால் அடுத்த தடவை வர மாட்டார். கண்ணின் வெள்ளைப் பகுதி வழியாக மிக மெல்லிய ஊசி, முன்னால் மரத்துப்போக மருந்து விடுவார்கள். அழுத்துவது மாதிரி இருக்கும், ஒரு நொடியில் முடிந்துவிடும். வீக்கம் வற்ற ஒரு ஊசி போதாது, ஆரம்பத்தில் மாதம் ஒன்றாகச் சில ஊசி தேவைப்படும். நடுவில் நிறுத்தினால் வீக்கம் திரும்பலாம். ஊசி போட்ட பிறகு கண் அதிகமாக வலித்தாலோ, சிவந்தாலோ, பார்வை சட்டென்று குறைந்தாலோ ராத்திரி என்றும் பார்க்காமல் ஓட வேண்டும், அது கிருமித் தொற்றாக இருக்கலாம். அபூர்வம், ஆனால் காத்திருக்கக் கூடாத விஷயம்.

சாப்பாட்டை நிறுத்துவதை இன்றைக்கே தடுத்துவிடுங்கள். பல வருடம் ஏறியிருந்த சர்க்கரையைத் தடாலென்று இறக்கினால் விழித்திரைப் பாதிப்பு தற்காலிகமாக மோசமாவது உண்டு. குறைக்கத்தான் வேண்டும், சர்க்கரை டாக்டர் சொல்லும் வேகத்தில். ரத்த அழுத்தம், சிறுநீரகப் பரிசோதனை இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணில் கசியும்போது சிறுநீரகத்தின் மெல்லிய குழாய்களும் பாதிக்கப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு.


காவேரிப்பட்டணம் ராசி:

அக்கா, அப்பாவின் சீட்டு பீரோவில் இருந்தது. "இரு கண்ணிலும் லேசான பாதிப்பு. ஆறு மாதத்தில் மறுபரிசோதனை" என்று எழுதியிருக்கிறது. ஆறு மாதம் தாண்டி ரொம்ப நாள் ஆகிவிட்டது. கிருஷ்ணகிரி மருத்துவக் கல்லூரிக்கு நாளைக் காலையில் கூட்டிப்போகிறேன்.


ஏரியூர்க்காரன்:

போய் வந்துவிட்டோம். இடது கண்ணில் கண்புரை, அதனால்தான் படம் விழவில்லை. சொட்டு விட்டு டாக்டர் விளக்கு வைத்துப் பார்த்ததில் அதிலும் மிதமான பாதிப்பு இருக்கிறது. புரை அறுவை சிகிச்சைக்கு அவசரம் இல்லை, முதலில் வலது கண் அடங்கட்டும் என்றார். வலது கண்ணில் ஓசிடி எடுத்தார்கள், நடுவில் வீக்கம் இருக்கிறது. திரையில் டாக்டர் அம்மாவுக்கே காட்டினார். மேடு மாதிரி எழும்பி, உள்ளே கருப்பாக நீர் கோத்திருந்தது. அம்மா திரைக்கு ரொம்பக் கிட்டே போய்ப் பார்த்தார். முதல் ஊசி போட்டாயிற்று. "எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல" என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரம்மாவிடம் சொல்லிக்கொண்டே வந்தார். அடுத்த ஊசி வரும் மாதம், லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கடைசியாக ஒரு கேள்வி அக்கா. கொட்டகையில் அம்மாவோடு வேலை செய்கிறவர்களில் பலருக்குச் சர்க்கரை இருக்கிறது. முகாம் நடந்தது வேலை நாளில் என்பதால் அம்மா மட்டும்தான் போயிருக்கிறார். அவர்களுக்குப் படம் எடுக்க என்ன வழி?


அரூர் கண் பரிசோதகர்:

முதல் ஊசி முடிந்தது கேட்டு நிம்மதியாக இருக்கிறது தம்பி.

உங்கள் வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம் மாதிரி தொற்றா நோய்களைக் கவனிக்கும் நர்ஸ் இருப்பார். அவரிடமும், வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் அக்காவிடமும் கொட்டகையில் இருக்கும் சர்க்கரைக்காரர்களின் பெயரை எழுதிக் கொடுங்கள். பெயர்ப் பட்டியல் கையில் இருந்தால் கேமரா கேட்டு வாங்குவது அவர்களுக்குச் சுலபம். கொட்டகை முதலாளியிடம் பேசி அரை நாள் விடச் சொல்லுங்கள், கூலி பிடிக்காமல். இல்லையென்றால் கொட்டகைக்கே கேமராவைக் கொண்டுவர முடியுமா என்று கேளுங்கள். இப்போது கையில் பிடித்து எடுக்கும் சின்னக் கேமராவும் இருக்கிறது. இருட்டாக்கக்கூடிய ஓர் அறையும் கரண்ட்டும் இருந்தால் எங்களுக்குப் போதும்.

படம் எடுக்கும்போது பதிவேட்டில் அவரவர் நம்பரோடு மகன், மகள், மருமகள் யாராவது ஒருவரின் கைபேசி எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். அம்மாவையும் அன்றைக்கு அங்கே இருக்கச் சொல்லுங்கள். ஊசி எப்படி இருந்தது என்று நான் நூறு தடவை சொல்வதைவிட அவர் ஒரு தடவை சொன்னால் கேட்பார்கள்.